தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தாயிற்று. கூடப் படிக்க ஆள் பிடிப்பது எப்படி?

அட்மிஷன் முடிந்தது, புத்தகக் கட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் சத்தமே இருக்காது. அசைன்மென்ட் கொடுக்கும் கடைசி வாரத்தில்தான் ‘யாராவது இந்தப் பேப்பர் எழுதுறீங்களா?’ என்று தேட ஆரம்பிப்போம். அந்த நேரத்தில் கிடைப்பவர்களும் உங்களைப் போலவே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். நின்று பதில் சொல்ல அவர்களுக்கு ஏது நேரம்?

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தபோது என் முதல் ஆண்டு இப்படித்தான் போனது. இரண்டாம் ஆண்டில் முறையை மாற்றினேன். பிறகு புதிதாகச் சேர்ந்த சிலருக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தேன். அவர்கள் இடறி விழுந்த இடமெல்லாம் நான் ஏற்கெனவே விழுந்த இடங்கள்தான். உதாரணங்களை இக்னோவிலிருந்தே தருகிறேன். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி என்று எங்கே படித்தாலும் பெயர்கள்தான் மாறும், வரிசை இதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்வது வேறு, கூடப் படிக்க ஆள் கிடைப்பது வேறு. முந்நூறு பேர் இருக்கும் குரூப் வெறும் அறிவிப்புப் பலகை. உங்களுக்கு வேண்டியது நாலைந்து பேர். அந்த முந்நூறிலிருந்து இந்த நாலைந்துக்கு வருவதற்கான வழிதான் கீழே இருப்பது.

1. ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விவரம்

யாரையும் தேடுவதற்கு முன்னால் நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரிய வேண்டும். அடையாள அட்டையையும் அட்மிஷன் விண்ணப்ப நகலையும் எடுத்து வைத்துக்கொண்டு இவற்றை எழுதுங்கள்: புரோகிராம் கோடு, இந்த ஆண்டு எழுதும் பேப்பர்களின் கோடு, சேர்ந்தது ஜனவரியிலா ஜூலையிலா, மண்டல மையமும் ஸ்டடி சென்டரும், எழுதப்போவது ஜூன் தேர்வா டிசம்பர் தேர்வா.

இதில் முதல் குழப்பமே ‘கோர்ஸ்’ என்ற சொல். நம் பேச்சில் கோர்ஸ் என்றால் முழுப் படிப்பு. இக்னோவில் முழுப் படிப்புக்குப் பெயர் புரோகிராம். கோர்ஸ் என்றால் ஒரே ஒரு பேப்பர். ‘உங்க கோர்ஸ் கோடு என்ன?’ என்று ஒருவர் கேட்க, இவர் ‘எம்.பி.எஸ்.’ என்று பட்டத்தின் கோடைச் சொல்வார். அவர் எதிர்பார்த்ததோ ‘எம்.பி.எஸ்.-002’ மாதிரி ஒரு பேப்பரின் கோடு. பேச்சு அங்கேயே அறுந்துவிடும்.

சேர்ந்த மாதம் ஏன் முக்கியம்? ஜூலையில் சேர்ந்து ஆண்டுமுறைப் படிப்பு படிப்பவருக்கு முதல் தேர்வு அடுத்த ஆண்டு ஜூனில்தான். ஜனவரியில் சேர்ந்தவருக்கு அதே ஆண்டு டிசம்பரில். இருவரும் ஒரே பேப்பர்தான் படிக்கிறார்கள், ஆனால் கெடு தேதி வேறு, அசைன்மென்ட் கேள்வித்தாளும் வேறாக இருக்கலாம். அரை ஆண்டு இடைவெளி உள்ளவரோடு சேர்ந்து படித்தால் ஒருவர் ஓடுவார், இன்னொருவர் உட்கார்ந்திருப்பார்.

தமிழ்நாட்டில் இக்னோவுக்குச் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. கோடு சென்னைக்கு 25, மதுரைக்கு 43. அகில இந்தியக் குரூப்பில் நுழைந்ததும் இந்த எண்ணைச் சொன்னால் நம் பக்கத்து ஆட்கள் உங்களைக் கண்டுகொள்வார்கள். இல்லாவிட்டால் இந்திச் செய்திகளுக்கு நடுவே நீங்கள் ஒரு மூலையில் நிற்க வேண்டியதுதான்.

2. விண்ணப்பத்தில் இருப்பது யார் போன் நம்பர்?

சிரிக்காமல் போய்ப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் அட்மிஷன் போட்ட பலருக்கு அங்கே கடைக்காரரின் மெயிலோ போன் நம்பரோதான் பதிவாகியிருக்கும். ஓ.டி.பி. வரட்டும், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவர் தன் எண்ணையே போட்டிருப்பார். அறிமுகக் கூட்டம் எப்போது, வகுப்பு எந்த ஞாயிறு என்ற தகவலெல்லாம் அவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்களோ ‘நம்ம யுனிவர்சிட்டி ஒண்ணும் சொல்றதே இல்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

மாணவர் போர்ட்டலில் நுழைந்து எண்ணையும் மெயிலையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் மண்டல மையத்துக்கு எழுதி மாற்றுங்கள். இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம், அடுத்த படியான அறிமுகக் கூட்டத்தின் தகவல் இந்த வழியாகத்தான் வரும். அதைத் தவறவிட்டவர்களில் பலர் இப்படித் தவறவிட்டவர்கள்தான்.

3. அறிமுகக் கூட்டத்துக்கு ஒரு நாள் லீவு போடுங்கள்

புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்து விதிமுறைகளைச் சொல்லும் கூட்டம் இது. மேடையில் சொல்வதில் முக்கால்வாசி உங்கள் கையேட்டிலேயே இருக்கும். அதற்காகப் போக வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காகப் போங்கள். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்கள், ஒரே மாதம் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு நாள்தான். எழுத்துப் பாடங்களுக்கான கவுன்சலிங் வகுப்புக்கு (சந்தேகம் தீர்க்கும் வகுப்பு) வருவது கட்டாயம் கிடையாது என்பதால் பிறகு பலர் வரவே மாட்டார்கள். பி.எட்., செய்முறை உள்ள படிப்புகள் மாதிரி நேரில் வந்தே ஆக வேண்டியவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பயிலரங்கிலேயே பழக்கம் உண்டாகிவிடும்.

அரை மணி முன்னதாகப் போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் ‘எந்தப் படிப்புங்க?’ என்று கேட்டாலே போதும். கூட்டம் முடிந்த பிறகு கேட்கலாம் என்று இருந்தால், எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

அலுவலகத்தில் போய் ‘இந்த சென்டரில் என் படிப்பு படிக்கிறவங்க நம்பர் லிஸ்ட் குடுங்க’ என்று கேட்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. தர மாட்டார்கள். தரவும் கூடாது, உங்கள் எண்ணை யாரோ கேட்டால் கொடுத்துவிட்டால் உங்களுக்குச் சம்மதமா? அதற்குப் பதிலாக, உங்கள் பெயர், படிப்பு, எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ‘இதே படிப்புக்கு யாராவது வந்து கேட்டா இதைக் குடுங்க சார்’ என்று கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் எண்ணைத் தருவது உங்கள் விருப்பம், அதில் அவருக்குத் தயக்கம் இருக்காது.

இன்னோர் இடமும் உண்டு: சென்டருக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. அசைன்மென்ட் முகப்புத் தாள் வாங்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள். எந்தப் படிப்புக்கு யார் வருகிறார் என்று கடைக்கார அண்ணனுக்கு நல்ல ஞாபகம் இருக்கும்.

4. பெரிய குரூப்பில் சேருங்கள், ஆனால் பூட்டுப் போட்டுவிட்டு

சேரும் முன் போனில் இரண்டு காரியம். வாட்ஸ்அப்பில் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியுரிமை அமைப்பில் உங்களைக் குரூப்பில் சேர்க்கும் உரிமை ‘எல்லோருக்கும்’ என்று இருந்தால் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். புரொஃபைல் படத்துக்கும் அதையே செய்யுங்கள். டெலிகிராமில் போன் நம்பரை மறைத்து, பயனர் பெயரை மட்டும் காட்ட முடியும். இரண்டிலும் குரூப் இருந்தால் நான் டெலிகிராமைத்தான் சொல்வேன். பெண்கள் இதைக் கட்டாயம் செய்துவிட்டுச் சேருங்கள். படிப்பைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்ட அன்று இரவே ‘ஹாய் மேடம், சாப்டாச்சா’ என்று நாலு பேர் தனிச் செய்தியில் வந்த கதையை எங்கள் வட்டத்திலேயே இரண்டு பேர் சொன்னார்கள்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று நாள் எதுவும் எழுதாதீர்கள். மேலே பின் செய்து வைத்திருப்பதைப் படியுங்கள். தேடல் பெட்டியில் உங்கள் பேப்பர் கோடைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்குப் பாதி நேரம் அங்கேயே பதில் கிடக்கும். அதோடு, யார் உருப்படியாகப் பதில் சொல்கிறார்கள், யார் எதற்கெடுத்தாலும் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். முதல் வகையினர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது படிக்கு வேண்டும்.

குரூப்பில் வரும் தேதிகளை நம்பாதீர்கள். இதை நான் பட்டுச் சொல்கிறேன். அசைன்மென்ட் கெடு நீட்டிப்பு என்று ஒரு பி.டி.எஃப். வந்தது. தலைப்புத் தாள் சரி, முத்திரை சரி, மாதமும் சரி. பார்த்த கையோடு எங்கள் ஐந்து பேருக்கும் அனுப்பிவிட்டேன். அது போன ஆண்டு அறிவிப்பு. ஆண்டை மட்டும் நான் பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பித் தூங்கப் போன ஒருவர் உண்மை தெரிந்த அன்று விடிய விடிய உட்கார்ந்து இரண்டு பேப்பருக்குப் பத்துப் பதில் எழுதினார். அதற்கப்புறம் அவர் என்னிடம் தேதியே கேட்பதில்லை. பல்கலைக்கழகத் தளத்தில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே எதையும் அனுப்புங்கள்.

‘அசைன்மென்ட் எழுதித் தரப்படும்’, ‘மார்க் ஏற்றித் தரப்படும்’, ‘ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் நாங்களே கட்டிவிடுகிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க’ என்று வருபவர்களைப் பிளாக் செய்துவிட்டு மேலே போங்கள். என்ரோல்மென்ட் நம்பரையும் பிறந்த தேதியையும் பொது இடத்தில் போடவே வேண்டாம். உங்கள் பேரில் யாராவது நோண்டிப் பார்க்க அதுவே போதுமான தொடக்கம்.

5. முதல் செய்தி: ‘எனி ஒன் எம்.ஏ.?’ வேண்டாம்

குரூப்பில் மிக அதிகமாகப் போடப்படுவதும் மிகக் குறைவாகப் பதில் வருவதும் இந்தக் கேள்விக்குத்தான். பதில் சொல்பவர் மேலும் நாலு கேள்வி கேட்டால்தான் உங்களுக்கு உதவ முடியும். அந்த வேலையை யார் செய்வார்?

முதல் படியில் எழுதிய சீட்டை இப்போது எடுங்கள். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் முதல் ஆண்டு, ஜூலை சேர்க்கை, மதுரை மண்டலம். வரும் ஜூனில் 001, 002 இரண்டும் எழுதுகிறேன். 002-இல் முதல் பிளாக் முடித்திருக்கிறேன். ஞாயிறு இரவு 8 மணிக்கு ஒரு மணி நேரம் சேர்ந்து படிக்க மூன்று நான்கு பேர் தேடுகிறேன். தமிழில் பேசிக்கொள்ளலாம், தேர்வு ஆங்கிலத்தில். விருப்பம் உள்ளவர்கள் தனிச் செய்தி அனுப்புங்கள்.’

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கை மாதமும் தேர்வு மாதமும் பொருந்தாதவர்களைத் தாமாகவே விலக்கிவிடும். ‘முதல் பிளாக் முடித்திருக்கிறேன்’ (பிளாக் என்றால் பாடப் புத்தகத்தின் ஒரு பகுதி, அதற்குள் இருக்கும் பாடங்கள் யூனிட்) என்பது நீங்கள் கேட்க மட்டும் வரவில்லை, கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். நேரத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘எப்ப வேணா பேசலாம்’ என்று சொல்பவர்கள் எப்போதுமே பேசுவதில்லை.

‘தமிழில் பேசலாம்’ என்ற வரியைப் போட்ட பிறகுதான் எனக்குப் பதில்கள் வந்தன. இங்கிலீஷில் பேச வேண்டியிருக்குமோ என்ற தயக்கத்திலேயே பலர் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

செய்தியை ஞாயிறு காலையிலோ மாலை ஏழு மணிக்கு மேலோ போடுங்கள். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குப் போட்டால் மதியத்துக்குள் நூறு குட் மார்னிங்குக்குக் கீழே புதைந்திருக்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. வட்டம் ஐந்து பேர்

நாலு பேர் தேறும், ஐந்து பேர் சரி. மூன்று பேர் வட்டத்தில் ஒருவர் வீட்டில் விசேஷம், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட் என்றால் அந்த வாரம் படிப்பு நின்றது. ஐந்து பேரில் இரண்டு பேர் வராவிட்டாலும் மூன்று பேர் மிஞ்சுவார்கள். எட்டுப் பேரானால் ‘நான் படிக்காட்டி என்ன, வேற யாராவது சொல்லுவாங்க’ என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் முதலில் ஒன்பது பேரிடம் பேசினேன். ஆறு பேர் சரி என்றார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர் இருந்தார்கள். என்னோடு ஐந்து. இந்தக் கழிவை எதிர்பார்த்தே தொடங்குங்கள், மனம் நோகாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியது மூன்றுதான்: அதே பேப்பர், அதே தேர்வு மாதம், அதே ஓய்வு நேரம். வயது, வேலை, ஊர் எதுவும் தடையில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் கூட்டுறவு வங்கி குமாஸ்தா, ஒருவர் போலீஸ்காரம்மா, ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்து இல்லத்தரசி, இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

படிப்பில் படுகெட்டியான ஒருவரைப் பிடித்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டே வாரத்தில் அவர் வாத்தியாராகிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவருக்கும் அலுத்துப்போகும். அந்தப் பேப்பரை முன்பே எழுதித் தேறியவர் கிடைத்தால் அவரை மாதம் ஒருமுறை வரும் விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி அழைத்துக்கொள்வது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். தலைமையாசிரியரை நாங்கள் ‘சார்’ என்று கூப்பிட்டோம். அவர் ஒன்று சொன்னால் அதை யாரும் மறுக்கவே இல்லை. பத்து வயதில் ஊறிய பழக்கம் நாற்பது வயதில் எப்படிப் போகும்? ஒரு நாள் அவரே, ‘நான் இங்க மாணவன்ப்பா, அண்ணேன்னு கூப்பிடுங்க’ என்றார். அதற்கடுத்த வாரம் போலீஸ்காரம்மா, ‘அண்ணே, நீங்க சொன்னது தப்பு, புத்தகத்துல நாற்பதாம் பக்கம் பாருங்க’ என்றார். அன்றைக்குத்தான் வட்டம் வட்டமானது.

ஐந்து பேருக்குத் தனியாக ஒரு குரூப் போட்டு அதில் ஒரே ஒரு விதி வையுங்கள்: ஃபார்வர்டு கூடாது. பண்டிகை வாழ்த்து, அரசியல் மீம், ஜோசியம் எல்லாம் வெளியே. அரசியல் அறிவியல் படிப்பவர்களுக்கு இரண்டாவது கொஞ்சம் கஷ்டம்தான்.

7. ஞாயிறு ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது

கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூன்று பேருக்கு மேல் பேசினால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். ஜூமில் 40 நிமிடம். இதைக் குறையாக நினைக்காதீர்கள். முடியும் நேரம் தெரிந்திருந்தால்தான் வீட்டில் ‘இதோ ஒன்பது மணிக்கு வந்துடுறேன்’ என்று வாக்குக் கொடுக்க முடியும். டேட்டா குறைவாக இருப்பவர் உண்டென்றால் படம் இல்லாமல் வாட்ஸ்அப் காலே போதும்.

வாரம் ஒரு பேப்பரில் இரண்டு யூனிட். யார் எதைச் சொல்வது என்பதைப் போன வாரமே பிரித்துவிட வேண்டும். ‘எல்லாரும் படிச்சிட்டு வாங்க’ என்றால் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். சொல்பவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இரண்டு யூனிட்டும் முடிந்த பின் மிஞ்சும் நேரத்தில் பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வி. பதிலை முழுதாக எழுத வேண்டாம், என்னென்ன தலைப்புகள் வரும் என்று மட்டும் ஆளுக்கொரு தாளில் ஐந்து நிமிடம் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

புத்தகத்தை மூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். சொல்லும்போதுதான் எங்கே ஓட்டை என்று தெரியும். 002-ஆம் பேப்பர் சர்வதேச உறவுகள். அதில் அதிகாரச் சமநிலை என்று ஒரு கருத்து: ஒரு நாடு மிஞ்சிப்போகாமல் மற்ற நாடுகள் சேர்ந்து ஈடுகட்டுவது. வங்கி குமாஸ்தா நன்றாகத்தான் தொடங்கினார். ‘அப்படீன்னா பலமான நாட்டோட சேராம ஒரு நாடு ஏன் பலவீனமான பக்கம் போய்ச் சேரணும்?’ என்று எங்களில் ஒருவர் கேட்டதும் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அப்போது உசிலம்பட்டி அக்கா, ‘எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா மாடி வீட்டம்மா ஒருத்தரே எட்டு குடத்தை வரிசையில வெச்சிருவாங்க. நாங்க நாலு சின்ன வீடும் ஒண்ணாச் சேர்ந்துக்குவோம். அவங்களோட சேர்ந்தா இன்னைக்கு ரெண்டு குடம் கிடைக்கும், நாளைக்கு லாரியே அவங்க வாசல்லதான் நிக்கும். அதானே இது?’ என்றார். அந்த யூனிட்டை நாங்கள் ஐந்து பேரும் அதற்கப்புறம் திருப்பிப் படிக்கவே இல்லை.

தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஒரு பொறி உண்டு. கருத்து நன்றாகப் புரிந்திருக்கும், தேர்வில் சொல் வராது. எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஷீட்டில் இரண்டு பத்தி போட்டு வையுங்கள்: ஒன்றில் இறையாண்மை, இன்னொன்றில் சாவரின்டி, ஒன்றில் அதிகாரச் சமநிலை, இன்னொன்றில் பேலன்ஸ் ஆஃப் பவர். ஆங்கிலப் பத்தியை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். ஸ்பெல்லிங் பிழை அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் சொல்பவரே தன் யூனிட்டின் சொற்களைச் சேர்க்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பாருங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவு உண்டு. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். படிக்கும் கூடத்தில் வாய் திறக்கக் கூடாது, விவாதமெல்லாம் டீ குடிக்கும் இடத்தில்.

8. அசைன்மென்ட்: எதைப் பகிரலாம், எதைக் கூடாது

நல்ல வட்டங்கள் கெட்டுப்போவது இங்கேதான். எம்.ஏ. அரசியல் அறிவியலில் ஒரு பேப்பருக்கு ஐந்து பதில், ஒவ்வொன்றும் சுமார் 500 வார்த்தை. முதலாண்டு நாலு பேப்பருக்கும் கையால் எழுத வேண்டியது பத்தாயிரம் வார்த்தை. ‘ஆளுக்கு நாலு கேள்வி எழுதிப் பங்கு போட்டுக்கலாமே’ என்ற யோசனை கட்டாயம் வரும்.

வேண்டாம். ஒருவர் பதிலை மற்றவர் பார்த்து எழுதியது தெரிந்தால் அந்த அசைன்மென்ட்டுகள் நிராகரிக்கப்படும் என்பது விதி. எழுதிக் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான் அடி. ஒரே சென்டரில் ஒரே திருத்துநர் மேசைக்கு ஐந்து தாளும் வரும்போது ஒரே உதாரணம், ஒரே பிழை எல்லாம் அடுத்தடுத்துக் கண்ணில் படும்.

பகிரக்கூடியது: கேள்வி என்ன கேட்கிறது என்ற பேச்சு, எந்த யூனிட்டில் பதில் இருக்கிறது என்ற பக்க எண், குறிப்புத் தலைப்புகள். பகிரக்கூடாதது: எழுதி முடித்த தாளின் படம். ‘சும்மா மாடலுக்குப் பார்க்கத்தான்’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது பெரிய குரூப்புக்குப் போக ஒரு மணி நேரம் போதும்.

கெடுவுக்கு நாலு வாரம் முன்னால் ஐந்து பேரும் கேள்விகளை வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தினமும் இரவு ‘இன்னைக்கு ஒண்ணு முடிச்சேன்’ என்று ஒரு வரி போட்டால் போதும். மற்றவர் முடித்திருக்கிறார் என்று தெரிந்தாலே நம் பேனா நகரும். கொடுத்த பிறகு ரசீதையோ ஆன்லைன் ஒப்புகையையோ வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லி ஒருவரையொருவர் நச்சரியுங்கள்.

9. வட்டம் தூங்கிப்போனால்

தூங்கும். தீபாவளிக்கோ கல்யாண சீசனுக்கோ இரண்டு வாரம் விட்டுப்போகும், மூன்றாவது வாரம் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ‘எல்லாரும் எங்க போயிட்டீங்க?’ என்று குரூப்பில் கேட்காதீர்கள். எல்லோருக்கும் குற்ற உணர்ச்சிதான் வரும், பதில் வராது.

ஒருவருக்குத் தனியாகப் போன் போடுங்கள். ‘அக்கா, ஏழாவது யூனிட்ல எனக்கு ஒரு சந்தேகம், ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் சொல்லுங்க’ என்று கேளுங்கள். இரண்டு பேர் பேசத் தொடங்கிவிட்டதாக ஒரு வரி குரூப்பில் போட்டால் மற்றவர் வந்துவிடுவார்கள். விட்டுப்போன யூனிட்டுகளைப் பிடிக்கப் போகாமல், அந்த வார யூனிட்டிலிருந்தே தொடருங்கள். பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்தால் மறுபடி நிற்கும்.

இரண்டு முறை போன் செய்தும் வராதவரை விட்டுவிடுங்கள். படிப்பையே நிறுத்தியிருக்கலாம், வீட்டில் என்ன சூழ்நிலையோ. குரூப்பிலிருந்து நீக்க வேண்டாம். அடுத்த தேர்வுக்குத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

10. ஹால் டிக்கெட் வந்த பிறகு

தேர்வு மையம் உங்கள் ஸ்டடி சென்டராகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஐந்து பேருக்கு மூன்று மையம் விழலாம். ஹால் டிக்கெட் வந்த அன்றே பெரிய குரூப்பில் மையக் கோடையும் தேதியையும் மட்டும் எழுதி, ‘இங்கே யாருக்கு?’ என்று கேளுங்கள். ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள்; அதில் உங்கள் முகமும் என்ரோல்மென்ட் நம்பரும் இருக்கும்.

காலைத் தேர்வு 10 மணிக்கு, மதியத் தேர்வு 2 மணிக்கு. வெளியூர் மையமென்றால் அதே மையத்துக்கு வருபவரோடு ஆட்டோவையோ முதல் நாள் ரூமையோ பங்கு போடலாம். மதியத் தேர்வுக்கு வருபவர்கள் பதினொரு மணிக்கே சந்தித்து, அந்தச் சொல் ஷீட்டை மட்டும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். புது யூனிட் எதையும் அந்த நேரத்தில் திறக்க விடாதீர்கள். ‘இது வருமாமே’ என்று யாராவது தொடங்கினால் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் படம் எடுத்து வட்டத்தில் போடுங்கள், விடை சரியா என்ற பேச்சு மட்டும் கடைசிப் பேப்பர் முடியும் வரை வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காது, அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அதனால் கடைசித் தேர்வு நாளன்றே, கலைவதற்கு முன், மைய வாசலில் நின்றோ, வேறு மையத்தில் இருப்பவரோடு போனிலோ பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டாம் ஆண்டின் விருப்பப் பாடங்களில் எவற்றை ஐந்து பேரும் ஒன்றாக எடுப்பது என்று.